‘காணவில்லை’ அறிவித்தல் கொடுப்பதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையின் உள்பக்கத்தில் ஒரு சிறு பெட்டிக்குள் அவ்வப்போது வரும் அறிவித்தலைப் பற்றி எழுதுகிறோம். ஒரு முதியவரின் படம், வயது, தேயிலைத் தோட்டத்தின் பெயர், கடைசியாக உடுத்திருந்த உடுப்பு, ஒரு தொலைபேசி இலக்கம். அதன் நடுவே ‘சற்று மனநிலை பாதிக்கப்பட்டவர்’ என்றொரு வரி. அந்த ஒரு வரிதான் எங்களை எழுத வைத்தது. அப்படி வீட்டைவிட்டுப் போகும் முதியவர் பலருக்கு இருக்கக்கூடியது டிமென்ஷியா என்னும் மறதி நோய். மூளையின் உயிரணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிவதால் வருகிறது. நோயாளிகளில் பெரும்பகுதியினருக்கு அல்சைமர் நோய் காரணம். அடுத்து வருவது, பிரஷர், சீனி வருத்தத்தால் மூளையின் இரத்தக் குழாய்கள் கெட்டு உண்டாகும் வகை. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதும் சாதாரணம். லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) இதை ‘வயசாயிட்டா அப்படித்தான்’ என்கிறோம். கொஞ்சம் முற்றினால் பூசாரியிடம் கூட்டிப்போய் மந்திரிக்கிறோம். இரண்டிலும் காலம் போய்விடுகிறது.

மறதி நோய் உள்ளவர்களில் பத்துக்கு ஆறு பேர் வரை எப்போதாவது ஒரு தடவையேனும் வழிதவறிப் போகிறார்கள். மலையகத்தில் இது மற்ற இடங்களைவிட ஆபத்தானது. நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்லில் உறைபனி படியும். சரிவு, கான் (வடிகால்), ஓடை, மூடுபனி எல்லாம் வீட்டு வாசலிலேயே தொடங்குகின்றன.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, இவர்கள் போக்கிடம் தெரியாமல் புறப்படுவதில்லை. பலருக்குப் புதிய நினைவைப் பதியவைக்கும் பகுதிதான் மூளையில் முதலில் பழுதாகிறது. காலையில் ரொட்டி சாப்பிட்டது பதியாது, மகன் போன மாதம் கொழும்பிலிருந்து வந்துவிட்டுப் போனதும் பதியாது. ஐம்பது வருடத்துக்கு முந்தியது அப்படியே இருக்கும். அதனால்தான் 78 வயது அம்மாயி ஒருவர் விடியற்காலை ஐந்து மணிக்கு எழும்பிக் கொழுந்துக்கூடையையும் படங்கையும் தேடுகிறார். ‘நேரமாச்சு, பெரட்டு கலைஞ்சிரும்’ என்று கிளம்புகிறார். (பெரட்டு என்பது காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் கூட்டம்.) மாலையில் இருட்டும் நேரத்தில் ‘புள்ளக் காம்பராவுல புள்ள அழுவும்’ என்று, தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தை நினைத்துப் பதறுகிறார். சொந்த வீட்டு இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்கார்ந்துகொண்டே ‘வூட்டுக்குப் போவணும்’ என்கிறவர், தான் பிறந்த லயத்தையோ கல்யாணமாகி வந்த பழைய தோட்டத்தையோ தேடுகிறார். 1964 ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அக்கா தங்கைகளை இந்தியாவுக்கு அனுப்பிவிட்டு இங்கே தங்கிப்போன தலைமுறை இது. இந்தியாவுக்குக் கப்பல் ஏறும் தலைமன்னாருக்குப் போகும் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று ஒருவர் பெட்டி கட்டினால், அவர் மனதில் ஓடும் வருடம் வேறு.

‘அம்மா செத்து முப்பது வருசமாச்சே, மறந்துட்டீங்களா?’ என்று திருத்தினால் என்ன நடக்கும்? அவருக்கு அது அந்த நிமிடம்தான் கேட்கும் சாவுச் செய்தி. அழுவார், கோபப்படுவார், பத்து நிமிடத்தில் செய்தி மறந்துபோகும். கலக்கம் மட்டும் உடம்பில் தங்கும், மறுபடி வாசலுக்குப் போவார். அதற்குப் பதிலாக, ‘அம்மா நெனப்பு வந்துருச்சா? அவங்க வைக்கிற குழம்பு எப்படி இருக்கும்?’ என்று கேட்டுப் பாருங்கள். பெரட்டுக்குக் கிளம்பினவரிடம், ‘இன்னைக்குப் போயா, வேலை இல்ல. தேத்தண்ணி குடிச்சிட்டு இந்தக் கீரையை ஆய்ஞ்சு தாங்க’ என்று சொல்லலாம். வேலை கேட்கும் கைக்கு வேலை கொடுப்பதுதான் முக்கியம். கீரை, முருங்கை இலை, பயறு பொறுக்குதல், துணி மடித்தல் எதுவானாலும் சரி. மடித்தது சரியாக இல்லையென்று கண்முன்னே திருப்பி மடிக்கக் கூடாது.

வீட்டுக்கு வரும் உறவினரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். வந்ததும் வராததுமாக ‘நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்’ என்று பரீட்சை வைக்காதீர்கள். தெரியவில்லை என்பது அவருக்கே தெரியும். அந்த வெட்கம் சுடும். ‘சித்தி, நான் உங்க அண்ணன் மகன் வந்திருக்கேன்’ என்று முறையையும் பெயரையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

வாசலைக் காப்பது பற்றி இனி. லயக் காம்பராவுக்கு ஒரு முன்கதவு, ஒரு பின்கதவு. நோயாளியைத் தனியே உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டு மலைக்கு வேலைக்குப் போவதைச் செய்யவே கூடாது. விறகடுப்பு, குப்பிவிளக்கு, பழைய வயரிங் இருக்கும் லயத்தில் தீப்பிடித்தால் கதவைத் திறக்க ஆள் இருக்காது. கட்டிலில் கட்டிப்போடுவதும் அப்படித்தான்: கயிற்றை இழுத்து இழுத்துத் தோல் உரியும், விழுவார், பயம் கூடும், படுக்கைப் புண் வரும். ஆள் வீட்டில் இருக்கும்போது கதவின் தாழ்ப்பாளைக் கண்ணுக்குப் படாத இடத்துக்கு மாற்றலாம். தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் அல்லது கதவின் அடியில் போட்டால் பலர் தேடமாட்டார்கள். பழகிய உயரத்தில்தான் கை போகும். கதவில் ஆட்டு மணியோ சலங்கையோ கட்டுங்கள். சுவர் நிறத்துக்கு ஒத்த துணியைக் கதவுக்கு முன்னால் தொங்கவிட்டால் சிலருக்குக் கதவு இருப்பதே தோன்றாது. கூடை, குடை, செருப்பு, கம்பளி, பயணப்பை எதுவும் வாசலருகே கண்ணில் படக்கூடாது. அவற்றைப் பார்த்ததும் ‘கிளம்பு’ என்று மனம் சொல்லும்.

இரவில் எழும்பி வெளியே போகிறவர்களில் கணிசமானோருக்குக் காரணம் வேறொன்றுமில்லை, சிறுநீர். கக்கூஸ் லயத்துக்கு வெளியே படி இறங்கிப் போகும் இடத்தில் இருந்தால், இருட்டில் போனவர் திரும்பும்போது எந்த வாசல் தன்னுடையது என்று தெரியாமல் நடந்துகொண்டே போவார். கட்டிலருகே மூடியுள்ள வாளியோ, நடுவில் ஓட்டை போட்ட பழைய கதிரையோ வையுங்கள். அதை நோக்கி ஒரு சிறு விளக்கு இரவு முழுவதும் எரியட்டும். படுக்கும் முன் ஒரு தடவை, நள்ளிரவில் ஒரு தடவை கூட்டிப்போங்கள். நாளுக்கு ஆறு முதல் எட்டுக் கோப்பை நீராகாரம் தேவை. அதில் பெரும்பகுதியை மாலை ஐந்து மணிக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். (இருதய, சிறுநீரக வருத்தக்காரருக்கு வைத்தியர் சொன்ன அளவு.) தேயிலை விளையும் மண்ணில் இதைச் சொல்வது கஷ்டம், ஆனாலும் பின்னேரம் மூன்று, நான்கு மணிக்குப் பிறகு கடுஞ்சாயம் வேண்டாம். அதிலுள்ள கஃபீன் தூக்கத்தையும் கெடுக்கும், சிறுநீரையும் கூட்டும். பதிலுக்கு மல்லித் தண்ணியோ சூடான பாலோ கொடுக்கலாம்.

பகலெல்லாம் இஸ்தோப்பில் தூங்கவைத்துவிட்டு இரவில் தூக்கம் எதிர்பார்ப்பதும் நடக்காது. காலை வெயிலில் இருபது நிமிடம், பின்னேரம் இருபது நிமிடம் கைபிடித்து நடத்துங்கள். போகவேண்டும் என்ற அவாவுக்கு அது ஒரு வடிகால். இருட்டுவதற்கு அரைமணி முன்பே விளக்கைப் போட்டுவிட வேண்டும். மூடுபனி இறங்கும் நாட்களில் இன்னும் முன்பே. அரையிருட்டில் கொடியில் தொங்கும் சட்டை ஆளாகத் தெரியும், கண்ணாடியில் தன் முகமே அந்நியராகத் தெரியும். பொழுது சாயும் நேரத்தில் பதற்றம் கூடுவது இந்த நோயின் இயல்பு. அந்த நேரத்தில் டிவியில் செய்திச் சண்டை, பிள்ளைகளின் கூச்சல், சமையல் அவசரம் எல்லாம் ஒன்றாகச் சேராமல் பார்த்தால் பாதிப் பதற்றம் குறையும்.

மாதக்கணக்கில் ஒரே நிலையில் இருந்தவர் இரண்டு மூன்று நாளில் தலைகீழாக மாறினால், அதை மறதி நோய் முற்றிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். அது அநேகமாக வேறு உடல் வருத்தம்: சிறுநீர்த் தொற்று, நிமோனியா, மலச்சிக்கல், உடம்பில் நீர் வற்றுதல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை. விழுந்து தலையில் அடிபட்டுச் சில வாரம் கழித்து மூளையைச் சுற்றி இரத்தம் தேங்குவதும் உண்டு. அன்றைக்கே வைத்தியரிடம் காட்ட வேண்டும். காரணத்தைக் கண்டு மருந்து கொடுத்தால் பலர் பழைய நிலைக்குத் திரும்புகிறார்கள்.

தூக்க மாத்திரை பற்றியும் சொல்லவேண்டும். ‘ராவுல படுக்க ஒரு குளிசை தாங்க’ என்று கேட்கும் வீட்டாரின் களைப்பு எங்களுக்குப் புரிகிறது. ஆனால் தூக்க மருந்து குழப்பத்தைக் கூட்டும். எழும்பும்போது தள்ளாடி இடுப்பெலும்பு முறியும். தடிமனுக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கும் குளோர்பெனிரமின் போன்ற மாத்திரைகளும் இவர்களுடைய ஞாபகத்தை இன்னும் மங்கவைக்கும். மனநோய்க்கான ஹாலோபெரிடோல், ரிஸ்பெரிடோன் வகை மருந்துகள் மறதி நோயாளிகளில் பக்கவாதத்தையும் மரணத்தையும் கூட்டுகின்றன என்பது நிறுவப்பட்ட விஷயம். தனக்கோ மற்றவருக்கோ ஆபத்து உண்டாகும் நிலையில் மட்டும், குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு, வைத்தியரின் கண்காணிப்பில் கொடுப்பது அது. உடல் விறைத்து, கை நடுங்கி, இல்லாத ஆட்களையும் பிள்ளைகளையும் தெளிவாகக் காண்கிறவருக்கு லூயி உடல் டிமென்ஷியா என்ற வகை இருக்கலாம். அவருக்கு ஹாலோபெரிடோல் உயிராபத்து. அந்த அறிகுறிகளை வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

அடையாளம். சட்டைப்பையில் வைக்கும் அட்டையைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். வெள்ளைத் துணிப் பட்டியில் அழியாத மையால் பெயர், தோட்டம், டிவிஷன், இரண்டு தொலைபேசி இலக்கங்களை எழுதி, எல்லாச் சுவெட்டரின் கழுத்துப் பட்டைக்கு உள்பக்கமும் தைத்துவிடுங்கள். ஒரு சுவெட்டரில் தைத்துவிட்டு மற்றதை மறப்பதுதான் வழக்கமான பிழை. தாயத்து கட்டியிருப்பவர் அதை லேசில் கழற்றமாட்டார். அதே கயிற்றில் இலக்கம் பொறித்த சிறு தகட்டைக் கோர்க்கலாம். சுவெட்டர் சிவப்போ மஞ்சளோ ஆக இருக்கட்டும். பச்சையும் சாம்பலும் தேயிலைக்குள்ளும் மூடுபனிக்குள்ளும் மறைந்துபோகும். மாதம் ஒரு தடவை முகம் தெளிவாகத் தெரியும்படி தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். பத்து வருடப் பழைய அடையாள அட்டைப் படத்தை வைத்து யாரும் கண்டுபிடிக்க முடியாது.

கூடவே ஒரு தாளில் எழுதி, வீட்டில் எல்லோருக்கும் தெரியும் இடத்தில் ஒட்டவேண்டியவை: பிறந்த தோட்டமும் லயமும், கல்யாணமாகி வந்த இடம், கொழுந்தா கவ்வாத்தா (செடி வெட்டுதல்) ஸ்டோர் (தேயிலை ஆலை) வேலையா, எந்த மலையில் அதிகம் வேலை செய்தார், எந்தக் கோயில், சிறுவயதில் வீட்டில் கூப்பிட்ட பெயர், கூடப் பிறந்தவர்களின் பெயர்கள், எதற்குப் பயப்படுவார், என்ன மாத்திரை குடிக்கிறார். தேடும்போது இந்தத் தாள்தான் வரைபடம். பக்கத்து வீடு, தொங்கல் வீடு, கடைக்காரர், ஆட்டோ நிறுத்தத்தில் நிற்பவர்கள், பஸ் நடத்துநர்கள் அனைவருக்கும் நோயைச் சொல்லிவையுங்கள். வெட்கப்பட்டு மறைத்த வீடுகளில்தான் ஆள் பஸ் ஏறி அடுத்த நகரம் போன பிறகு தெரியவருகிறது.

ஆளைக் காணவில்லையா? முதல் பத்து நிமிடம் வீட்டுக்குள்ளும் சுற்றிலும்: கட்டிலுக்கு அடி, கக்கூஸ், விறகுக் கொட்டில், மாட்டுப் பட்டி, பக்கத்துக் காம்பராக்கள். ஒருவர் வீட்டிலேயே தொலைபேசியோடு இருக்கவேண்டும். திரும்பி வந்தால் வாசல் திறந்திருக்க வேண்டுமே. பத்து நிமிடத்தில் கிடைக்காவிட்டால் 119 இலக்கத்துக்கும் அருகிலுள்ள பொலிஸுக்கும் சொல்லுங்கள். ஒரு நாள் கழித்துத்தான் முறைப்பாடு கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். 24 மணித்தியாலம் கடந்தால் பிழைக்கும் வாய்ப்பு வேகமாகக் குறைந்துவிடும். மறதி நோய் இருக்கிறது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

நடந்துபோகிறவர்களில் பெரும்பாலானோர் புறப்பட்ட இடத்திலிருந்து இரண்டு கிலோமீற்றருக்குள்ளேயே கிடைக்கிறார்கள். நேரே நடந்து, மேலே போக முடியாமல் சிக்கும் இடத்தில் நின்றுவிடுவது அவர்கள் வழக்கம். கான், ஓடைக்கரை, மானாப் புல், முட்புதர், தேயிலைச் செடிக்கு அடி ஆகியவற்றைக் குனிந்து பார்க்கவேண்டும். பெரட்டுக்களம், கொழுந்து மடுவம் (கொழுந்து நிறுக்கும் கொட்டகை), ஸ்டோர், பழைய லயம், கோயில் ஆகிய இடங்களுக்கு உடனே தனித்தனி ஆட்களை அனுப்புங்கள். பெயர் சொல்லிக் கத்தினால் பதில் வரும் என்று இருக்காதீர்கள். பலர் பத்தடி தூரத்தில் இருந்தும் வாய் திறப்பதில்லை. இந்தத் தலைமுறைக்கு தமிழருக்கு எதிரான 1977, 1983 வன்செயல்களின் நினைவும் உண்டு. இரவில் டோர்ச் வெளிச்சத்தோடு கூட்டமாகச் சத்தமிட்டு வந்தால் ஒருவர் இன்னும் உள்ளே ஒளிந்துகொள்ளக்கூடும். பின்னாளில் கற்ற மொழி பலருக்கு முதலில் அழிகிறது. அறுபது வருடம் சிங்களம் பேசியவரும் இப்போது தமிழை மட்டுமே புரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு தேடும் குழுவிலும் அவருக்குத் தெரிந்த குரல் ஒன்று இருக்கட்டும்.

கண்டதும் பின்னாலிருந்து பிடிக்காதீர்கள். முன்னால் போய், முறை சொல்லிக் கூப்பிட்டு, அவர் போகும் திசையிலேயே கொஞ்சதூரம் கூட நடந்து, பேச்சோடு பேச்சாகத் திரும்புங்கள். நனைந்திருந்தால் ஈரத்துணியைக் கழற்றி உலர்ந்த கம்பளியால் முதலில் நெஞ்சு, வயிறு, தலையைச் சுற்றுங்கள். கையையும் காலையும் தேய்க்கவோ, நெருப்பருகே நேரடியாகக் காயவைக்கவோ கூடாது. பிரண்டி, சாராயம் ஒரு சொட்டும் வேண்டாம். அது உடம்புச் சூட்டை இன்னும் வெளியேற்றும். தெளிவாக விழித்திருந்து விழுங்க முடிந்தால் மட்டும் சீனி போட்ட இளஞ்சூட்டுத் தேநீர் கொடுக்கலாம். நடுக்கம் நின்று பேச்சு குழறித் தூங்கிவிழுந்தால் 1990 அம்புலன்ஸ். வீட்டுக்கு வந்தபின் திட்டாதீர்கள். ஏன் திட்டுகிறீர்கள் என்பது அவருக்குத் தெரியாது.

நோயைக் கண்டறிவதில் மலையகத்துக்கென்று ஒரு தொல்லை உண்டு. கிளினிக்குகளில் பயன்படுத்தும் 30 புள்ளிச் சோதனையில் வாசிக்க, ஒரு வசனம் எழுத, 100 இலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வார்கள். பள்ளிக்கூடம் போகாத ஒருவர் நோயே இல்லாமலும் அதில் குறைவாக எடுப்பார். திகதி கேட்பதைவிட ‘தீபாவளி முடிஞ்சுதா, வரப்போகுதா?’ என்று கேட்பது மேல். வீட்டார்தான் உண்மையான சாட்சி. சம்பளக் கணக்கு, சீட்டுக் காசு, சமையல், பழகிய வழி ஆகியவற்றில் இரண்டு வருடத்துக்கு முன் எப்படி, இப்போது எப்படி என்று எழுதிக்கொண்டு போங்கள். காது கேட்காமையும் மனச்சோர்வும் மறதி போலவே தோன்றும். பி12 விற்றமின், தைரொயிட், சீனி, உப்புச்சத்து ஆகிய இரத்தப் பரிசோதனைகளைக் கேளுங்கள்; பி12 குறைவும் தைரொயிட் குறைவும் சரிசெய்யக் கூடியவை. அல்சைமருக்கு டொனபெசில் 5 மில்லிகிராமில் தொடங்கி, ஒரு மாதத்துக்கு மேல் பார்த்து 10 ஆகக் கூட்டுவார்கள். நோயை அது குணமாக்காது, சிலருக்குச் சில காலம் நிலையைத் தாங்கிப் பிடிக்கும். வயிற்றோட்டம், வாந்தி, தலைச்சுற்று, நாடித்துடிப்பு குறைதல் வந்தால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்கக் கூடாது. யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள் தேசிய மனநல உதவி இலக்கமான 1926 ஐ அழைக்கலாம்.

இவ்வளவையும் செய்யவேண்டியவர் யார்? பெரும்பாலும், காலையில் மலைக்குப் போய் மாலையில் வரும் ஒரு மருமகள். அவர் வீட்டில் நின்றால் பேர் (அன்றைய கூலி) இல்லை, போனால் மாமியாருக்குக் காவல் இல்லை. அதே மாமியார் முந்தானையில் முடிந்த காசை எங்கோ வைத்து மறந்துவிட்டு ‘இவதான் எடுத்தா’ என்று லயம் முழுக்கச் சொல்வதும் இந்த நோயின் பகுதி. அந்தப் பழியைக் கேட்டு நம்பும் நாத்தனார்கள் ஒரு வாரம் வந்து இருந்து பார்க்கட்டும். தோட்ட நிர்வாகங்களிடம் கேட்பது இதுதான்: பிள்ளைக் காம்பரா இருக்கும் ஒவ்வொரு டிவிஷனிலும் முதியவருக்கும் ஒரு பகல் காம்பரா. வெறுமையாகக் கிடக்கும் ஒரு கட்டடம், சுற்றி வேலி, வழுக்காத தரை, பக்கத்திலேயே கக்கூஸ், பயிற்சி பெற்ற இரண்டு பெண்கள் போதும். சுகாதாரத் திணைக்களத்திடம் கேட்பது, மறதி நோயாளி வரும் கிளினிக் நாளில் தமிழில் பேசக்கூடிய ஒருவர். பேரப்பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக வைத்து, பாட்டிக்குச் சிறுநீர் கட்டுப்படுகிறதா என்று கேட்கும் நிலை மாறவேண்டும்.

உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். அடுத்த தடவை அப்படியொரு அறிவித்தல் வந்தால், ‘மனநிலை பாதிக்கப்பட்டவர்’ என்ற வரியை எடுத்துவிட்டு, வீட்டாரிடம் நான்கு கேள்வி கேட்டு இப்படிப் போடுங்கள்: ‘இவருக்கு மறதி நோய் உண்டு. தமிழ் மட்டும் புரியும். இன்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். பழைய தோட்டம் இன்னது. அந்தப் பக்கம் போகக்கூடும். கண்டால் முன்னால் வந்து பேசி, உட்காரவைத்து, சூடாக ஏதாவது குடிக்கக் கொடுத்து, இந்த இலக்கத்துக்குச் சொல்லுங்கள்.’

இப்படிக்கு,
முதியோர் பராமரிப்பில் பணியாற்றும் தாதியரும் சமூகப் பணியாளரும்,
ஹட்டன்.